மூன்றாவது ஓலை

அத்தியாயம் 14

கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை படிக்கும்போது வீட்டு ஆட்கள் யாரும் இருமக்கூடாது என்பது மர்சலினின் உத்தரவு.

"தொண்ட கரகரன்னா எச்சிய முழுங்கு. நம்ம பக்கத்துலருந்து ஒரு சத்தம் வரக்கூடாது."

முதல் இரண்டு ஞாயிறும் சத்தமில்லாமல் கழிந்தன. இது மூன்றாவது.

"நம் பங்கைச் சேர்ந்த மர்சலின், காலஞ்சென்ற டெரன்ஸ் ஆகியோரின் மகன் ஃபிரெட்ரிக்குக்கும், மந்தைவெளியைச் சேர்ந்த அகஸ்டின், ஃபிலோமினா ஆகியோரின் மகள் ஈவ்லினுக்கும் திருமணம் செய்ய நிச்சயிக்கப்பட்டுள்ளது. இது மூன்றாம் அறிவிப்பு. இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

மர்சலின் மூச்சை விட்டாள். அவள் பக்கத்தில் மகள் ஜொவிட்டா, முன் பெஞ்சின் முதுகைப் பிடித்தபடி நின்றாள். கடமை என்ற சொல் அவளுக்குச் செருப்புக்குள் போன கல் மாதிரி உறுத்தியது.

ஆரம்பத்திலிருந்து கூட வருகிறவர்களுக்குக் காரணம் தெரியும். இன்று வண்டியில் ஏறியவர்களுக்கு நாலு வரி.

டெரன்ஸ் மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் பாளம் சுமந்தே முதுகு ஒடிந்து செத்தவர். மர்சலின் கான்வென்ட் விடுதியில் சோற்று அண்டா இறக்குபவள். அந்த வீட்டில் முதன்முதலில் வெள்ளை உடுப்புப் போட்டவள் ஜொவிட்டா. தனியார் மருத்துவமனையில் நர்ஸ். உடுப்புதான் மாறியது, சுமை மாறவில்லை. நூறு கிலோ நோயாளிகளைப் புரட்டி, இரட்டை ஷிப்ட் பார்த்து, முப்பது வயது முடிவதற்குள் இடுப்பு போனது. வலிக்கு ஒரு ஊசி. பிறகு வலி வருமோ என்று ஒரு ஊசி. பிறகு எதற்கென்றே இல்லாமல். இரண்டு வருஷம் ஓடிப் பிடிபட்டாள். மருத்துவமனை சத்தம் போடாமல் வெளியே அனுப்பியது. அடையாறில் பெண்களுக்கான மறுவாழ்வு மையத்தில் நூறு நாள் இருந்துவிட்டு வீடு திரும்பினாள். திரும்பிப் பன்னிரண்டு நாள் ஆகிறது.

தெரு அறிந்த கதை வேறு. மகள் எங்கே என்று முதல் வாரம் யாரோ கேட்டபோது மர்சலினின் வாயில் வந்தது, "கேரளாவுல தியான இல்லத்துல சேவை பண்றா." அவ்வளவுதான். மறுநாளே பெண்கள் ஜெப விண்ணப்பங்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அனுப்பி வைக்க இடமில்லாமல் மர்சலின் அவற்றைப் பழைய காப்பித்தூள் டப்பாவில் போட்டு மூடினாள். டப்பா நிரம்பி இரண்டாவது டப்பாவும் பாதி ஆகிவிட்டது.

பூசை முடிந்து வாசலில் மூன்று பேர் ஜொவிட்டாவின் கையைப் பிடித்தார்கள்.

"எம் மருமவளுக்கு வயித்துல தங்க மாட்டேங்குது. ஒரு வார்த்த வேண்டிக்கமா. உன் கை ராசியான கை."

அந்தக் கை என்னென்ன செய்திருக்கிறது என்று தெரிந்தால் இவள் சோப்புப் போட்டுக் கழுவுவாள் என்று நினைத்தபடி ஜொவிட்டா தலையை ஆட்டினாள்.

மூன்றாவது ஓலை முடிந்தால் பெண் வீட்டில் பகல் சாப்பாடு. மந்தைவெளிக்கு ஆட்டோவில் போகும்போது ஃபிரெட்ரிக்கின் போன் ஓயாமல் அடித்தது. ஏசி மெக்கானிக்குக்கு மே மாதத்தில் ஞாயிறு கிடையாது. அவன் போனை அணைத்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினான்.

"இன்னிக்கு ஒரு நாள் வாயத் தொறக்காத. அவங்க டீச்சர் குடும்பம். தியானத்தப் பத்திக் கேட்டா சிரி, போதும்."

"சிரிப்பு வராதேடா."

"பல்லு கீது இல்ல? அதக் காட்டு."

மர்சலின் நடுவில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். உருட்டுவதை நிறுத்தாமலே சொன்னாள், "தம்பி சொல்றதக் கேளு ஜொவி. ரெண்டு வாரம். தாலி ஏறிட்டா அப்பால யாருக்கும் பதில் சொல்ல வேணாம்."

"எனக்கு ஒவ்வொரு நாளாத்தான் மம்மி. ரெண்டு வாரத்த மொத்தமா எங்கிட்ட கேக்காத."

பெண் வீடு இரண்டாவது மாடி. தேங்காய்ப்பால் சோறும் மட்டன் குழம்பும் படியிலேயே மணந்தன. ஃபிலோமினா டீச்சர் ஜொவிட்டாவை மட்டும் தோளில் கைவைத்து உள்ளே அழைத்துப் போனாள். மாப்பிள்ளைக்குக்கூட அந்த வரவேற்பு இல்லை.

"எங்க வீட்டுக்கு ஒரு ஆசீர்வாதம் நீங்க. ஈவ்லின்கிட்ட சொல்லிட்டே இருக்கேன், இப்படி ஒரு நாத்தனார் யாருக்குக் கிடைக்கும்னு."

ஈவ்லின் நர்சரிப் பள்ளி டீச்சர். அம்மாவுக்குப் பின்னால் நின்று, மன்னிப்புக் கேட்பது போல ஜொவிட்டாவைப் பார்த்துச் சிரித்தாள்.

கூடத்து நாற்காலியில் அகஸ்டின் மாஸ்டர். முப்பத்தைந்து வருஷம் பள்ளி மைதானத்தில் விசில் ஊதிய உடம்பு. தவக்காலத்துக்கு முந்தின வாரம் முட்டி மாற்று அறுவை நடந்தது. எதிரே ஸ்டூலில் காலை நீட்டியிருந்தார். காலோ நீட்டிய இடத்தில் நிற்கவில்லை. மடங்கியது, நீண்டது, மறுபடி மடங்கியது.

"வாங்க வாங்க, உக்காருங்க மாப்ள," என்றவர் கொட்டாவி விட்டார். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். இன்னொரு கொட்டாவி.

சாப்பாட்டில் மாஸ்டர் சோற்றைப் பிசைந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை. நடுவே இரண்டு முறை எழுந்து, சுவரைப் பிடித்தபடி கழிவறைக்குப் போய் வந்தார். திரும்பி வந்து ஈவ்லினிடம் தண்ணீர் செம்புக்காக எரிந்து விழுந்தார். ஃபிரெட்ரிக் இலையைப் பார்த்துச் சாப்பிட்டான். சம்பந்தி கோபக்காரர் போல என்று மர்சலின் நினைத்தாள்.

ஜொவிட்டா எதுவும் நினைக்கவில்லை. எண்ணினாள். கொட்டாவி ஒன்பது.

இலை எடுத்ததும் ஃபிலோமினா டீச்சர் உள்ளே போய் ஒரு எவர்சில்வர் தட்டுடன் வந்தாள். பஞ்சு, ஸ்பிரிட், பிரிக்காத சிரிஞ்சு, பக்கத்தில் ஒரு சிறிய வெள்ளை அட்டைப்பெட்டி.

"தப்பா நினைக்காதீங்க. தெருமுனை கிளினிக் பொண்ணு தினம் வந்து போட்டுட்டுப் போகும். இன்னைக்கு லீவு. நம்ம வீட்டுலயே நர்ஸ் இருக்கும்போது வெளியே ஆள் தேடணுமா? இவருக்கு வலி தாங்கல."

பெட்டியின் ஓரத்துப் பச்சைக் கோட்டைப் பார்த்ததுமே ஜொவிட்டாவின் வாயில் எச்சில் ஊறியது. பெயரைப் படிக்கத் தேவையே இல்லை. இரண்டு வருஷம் அவளோடு குடித்தனம் நடத்திய மருந்து. இடது முழங்கை மடிப்பு சூடாகி, தனியாக ஒரு பிராணி போலத் துடித்தது. கூடத்தில் இருந்த ஆட்களெல்லாம் தூரமாகிப் போனார்கள். தட்டு மட்டும் பக்கத்தில் இருந்தது.

"போடுமா," என்றாள் மர்சலின். யாரும் வாய் திறக்கும் முன்பு, சிரித்த முகமாக. எழுந்து அவளே அந்தத் தட்டை வாங்கி மகள் மடியில் வைத்தாள். குனிந்து காதில் சொன்னாள், "ரெண்டு நிமிஷ வேல. போட்டுட்டு வந்துடு. எல்லாரும் பாக்குறாங்க."

ஜொவிட்டா தட்டைத் தரையில் வைத்தாள். "கை கழுவிட்டு வரேன்."

பின்பக்க பால்கனியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஈரப் போர்வைக்கு மறைவில் நின்று குல்சுமுக்குப் போன் போட்டாள். சைதாப்பேட்டை மார்க்கெட் பக்கம் பிரியாணி போடும் குல்சும், ஒன்பது வருஷத்துக்கு முன் அதே மையத்தில் கிடந்து எழுந்தவள். புதிதாக வெளியே வரும் பெண்களுக்கெல்லாம் நம்பரைக் கொடுத்து, எந்த நேரத்திலும் கூப்பிடு என்று சொல்லி வைத்திருப்பவள்.

"சொல்லு கண்ணு. தம் ஒடைச்சிக்கினு கீறேன்."

"குல்சும்மா, ஊசி போடச் சொல்றாங்க. சம்பந்திக்கு."

"இன்னா ஊசி?"

"அதான்."

கரண்டிச் சத்தம் நின்றது.

"இப்ப உனுக்கு இன்னா தோணுது? நெஜத்தச் சொல்லு."

"போட்டுட்டா கல்யாணம் தடையில்லாம நடக்கும்னு தோணுது. போட்டப்புறம் அடியில ஒரு சொட்டு நிக்கும்னும் தோணுது."

"எது மொதல்ல தோணுச்சு?"

ஜொவிட்டா போர்வையின் ஓரத்தை முறுக்கினாள்.

"அப்ப கெளம்பி வந்துடு. செருப்பு மாட்டலன்னாலும் பரவால்ல."

"ஓடுனா சந்தேகப்படுவாங்க."

"சந்தேகம் அவுங்குளுக்கு, உசுரு உனுக்கு. ஓட முடியலன்னா வாயத் தொற. ரெண்டும் இல்லாம அந்தத் தட்டுக்கு முன்னால போயி ஒக்காராத. அவ்ளோதான் எனக்குத் தெரிஞ்ச வைத்தியம்."

அவள் திரும்பி வந்தபோது மாஸ்டர் சட்டைக் கையைச் சுருட்டிக் காத்திருந்தார். வெளியே நாற்பது டிகிரி வெயில். மின்விசிறி அனல் காற்றைத்தான் வீசியது. அவருடைய முன்கையில் மயிரெல்லாம் நட்டுக்கொண்டு, தோல் உரித்த கோழி போலப் புள்ளி புள்ளியாக இருந்தது.

அந்தத் தோலை ஜொவிட்டா பார்த்திருக்கிறாள். மையத்தில் முதல் வாரம் முழுக்க, தன் கையிலேயே.

அவள் உட்காரவில்லை.

"மாஸ்டர், ஆபரேஷன் ஆகி எவ்ளோ நாளாச்சு?"

"மூணு மாசம். ஏன்?"

"முட்டி எங்க வலிக்குது? தொட்டுக் காட்டுங்க."

அவர் முட்டியைத் தொட்டார். பிறகு தொடை. பிறகு இடுப்பு. "எல்லாந்தான் வலிக்குது. உடம்பு பூரா."

"டாக்டர் எத்தன நாளைக்கு எழுதிக் குடுத்தாரு?"

ஃபிலோமினா டீச்சர் குறுக்கே வந்தாள். "அஞ்சு நாளைக்குத்தான் எழுதினார். ஆனா மெடிக்கல் ஷாப் தம்பி மாஸ்டர்கிட்ட படிச்ச பையன். மாஸ்டர் கேட்டா சீட்டெல்லாம் கேக்க மாட்டான். அவ்வளவு மரியாதை."

சொல்லும்போது அவள் குரலில் பெருமைதான் இருந்தது.

"முன்னாடி ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு ஆரம்பிச்சிருக்கும். இப்ப?"

ஈவ்லின்தான் மெதுவாகச் சொன்னாள், "மூணு."

"ஈவ்லின்!" என்றார் மாஸ்டர்.

"நான் போட மாட்டேன் மாஸ்டர்," என்றாள் ஜொவிட்டா. "இது முட்டி கேக்குற ஊசி இல்ல. முட்டி ஆறிப்போச்சு. கொட்டாவி, மூக்குல தண்ணி, வயித்தால போறது, கையில மயிர் நிக்கிறது, இதெல்லாம் முட்டி பண்ணாது. ஊசிதான் ஊசியக் கேக்குது."

"என்னம்மா பேசற நீ?" ஃபிலோமினா டீச்சரின் முகம் சிவந்தது. "வாத்தியாரைப் பார்த்துப் பேசற பேச்சா இது? உனக்கு எப்படித் தெரியும்?"

"சம்பந்தி, அவளுக்குக் காலையிலருந்து ஒடம்பு சரியில்ல," என்று மர்சலின் எழுந்தாள். "வெயில்ல..."

"மம்மி, நீ ஒக்காரு." ஜொவிட்டா அம்மாவைப் பார்க்காமல் சொன்னாள். "எப்படித் தெரியும்னா, எனக்கு வந்தது. நான் கேரளாவும் போகல, தியானமும் பண்ணல. இதே மருந்த ரெண்டு வருஷம் ஏத்திக்கினு கெடந்தேன். காசு குடுத்துக்கூட வாங்கல. வார்டுல வலியில கத்துறவங்களுக்குப் போக வேண்டியதுல பாதியத் திருடினேன். நான் கெடந்தது மறுவாழ்வு மையம். இன்னிக்கு எனக்கு நூத்திப் பன்னெண்டாவது நாளு."

ஃபிரெட்ரிக் கண்களை மூடிக்கொண்டான்.

ஃபிலோமினா டீச்சர் வகுப்பில் பிடிபட்ட பிள்ளையைக் கேட்கும் குரலில் கேட்டாள்.

"தடை தெரிஞ்சவங்க சொல்லணும்னு இன்னைக்குக் காலையிலதானே படிச்சாங்க? காது கேட்டுதா உங்க குடும்பத்துக்கு? இதைவிட என்ன தடை வேணும்? போதைக்காரப் பொண்ணை ஜெபக்காரின்னு சொல்லி எங்க வீட்டுப் படி ஏத்தியிருக்கீங்க!"

"என் வீட்டுத் தடைய நான் சொல்லிட்டேன் டீச்சர். உங்க வீட்டுத் தடைய நீங்க எப்ப சொல்லப் போறீங்க?"

"ஸ்டாப்!"

மைதானத்துக் குரல். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அகஸ்டின் மாஸ்டர் எழுந்து நின்றார். வெளியே போ என்றுதான் சொல்வார் என எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் குனிந்து, வலி தாங்கவில்லை என்று மூன்று மாதமாகச் சொல்லி வந்த முட்டியை மடக்கி, தரையிலிருந்த தட்டிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இப்ப எல்லாரும் போகலாம்," என்றார்.

ஃபிலோமினா டீச்சர் ஜொவிட்டாவையே முறைத்துக்கொண்டிருந்தாள். ஈவ்லின் மட்டும் அப்பாவின் சட்டைப் பையைப் பார்த்தாள்.

ஆட்டோவில் சாந்தோம் திரும்பி, வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் ஃபிரெட்ரிக் வெடித்தான்.

"ஒரு நாள் கேட்டேன்! ஒரே நாள்! நாலு வருஷமா அந்தப் பொண்ணுக்காக நாயா சுத்தினேன். ரெண்டு நிமிஷத்துல ஒடச்சிட்ட. இப்ப நிம்மதியா கீதா?"

"இல்ல."

"அப்பறம் ஏன் சொன்ன?"

"சொல்லலன்னா போட்டிருப்பேன். போட்டிருந்தா மிச்சத்த எடுத்திருப்பேன். நீ கல்யாணக் கோட்டு போட்டுக்கினு நிக்கிறப்ப நான் மண்டபத்து பாத்ரூம்ல கெடந்திருப்பேன். அது ஓகேவா ஒனக்கு?"

மர்சலின் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "ஊசி அவருக்குத்தானடி. ஒனக்கா போடச் சொன்னேன்?"

"பாதி அவங்களுக்கு, பாதி எனக்கு. ரெண்டு வருஷமும் அப்படித்தான் மம்மி ஓடுச்சு." ஜொவிட்டாவின் குரல் உயரவில்லை. "அந்தத் தட்ட நீதான் தூக்கி என் மடியில வெச்ச. சாராயக்காரன் மடியில பாட்டில வெப்பியா? எனக்கு மட்டும் ஏன் வெச்ச? வெள்ள டப்பாவுல வந்தா அது மருந்து, இல்ல?"

மர்சலின் அண்டா இறக்கித் தழும்பேறிய தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். இந்தக் கையா வைத்தது என்று கேட்பது போல.

"திட்டு, அடி, என்ன வேணா பண்ணு," என்றாள் ஜொவிட்டா. "ஆனா நாளையிலருந்து எவ வந்து கையப் புடிச்சாலும் நெஜத்தச் சொல்லுவேன். அந்தச் சீட்டெல்லாம் அவங்கவங்க வீட்டுல திருப்பிக் குடுத்துடு. நான் புனிதையும் இல்ல, பேயும் இல்ல. இடுப்பு வலிக்கிற ஒரு நர்ஸ்."

மாலை ஐந்தரைக்கு அவள் போன் அடித்தது. ஈவ்லின்.

"அக்கா..." அழுகையை அடக்கிய மூச்சு. "அப்பா ரூமுக்குள்ள போய்த் தாப்பா போட்டுக்கிட்டார். பெட்டி அவர்கிட்டதான் இருக்கு. சிரிஞ்சும் எடுத்துட்டுப் போயிட்டார். அம்மா யாரையும் கூப்பிடக் கூடாதுங்கறாங்க. மானம் போயிடுமாம்."

"உள்ள பேச்சுக் குரல் வருதா?"

"இருமறார். கூப்பிட்டா போங்கறார்."

"போன்னு சொன்னா நல்லது. கதவுகிட்டயே நில்லு. பேச்சுக் குடுத்துக்கினே இரு, திட்டுனாலும் பரவால்ல. சத்தம் நின்னா ஒரு நிமிஷம்கூடக் காக்காத. நூத்தியெட்டுக்குப் போன் போட்டுட்டுக் கதவ ஒட. உங்க மம்மி மானத்த அப்பறம் பாத்துக்கலாம்."

"நீங்க வரீங்களா? அவருக்கு என்ன ஆகுதுன்னு இந்த வீட்டுல உங்களுக்குத்தான் தெரியும்."

ஜொவிட்டா போனைக் காதிலிருந்து எடுக்காமலே செருப்பைத் தேடினாள். வாசலை மறித்தபடி ஃபிரெட்ரிக் நின்றான். மதியத்துக் கோபம் அவன் முகத்தில் இல்லை. பயம்தான் இருந்தது.

"நீ போகக் கூடாதுக்கா. அந்தப் பொட்டி உள்ள கீது. கதவு தொறந்ததும் நீ மொதல்ல எதப் பாப்ப? அவரையா, அதையா?"

அவள் தம்பியை நேராகப் பார்த்தாள்.

"தெரியலடா," என்றாள். "அதான் உன்னையும் கூப்புடறேன். வண்டிய எடு."